நாலாவது தோள்

மேட்டுத்தோட்டத்துச் சின்னக் கிராணி துரைசிங்கத்துக்குப் ‘பாடைக் கிராணி’ என்று பட்டப்பெயர் வைத்தவர் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோர் நல்லசாமி. வைத்த அன்றைக்கே அது கள்ளுக்கடை வரைக்கும் போய்விட்டது. மறுநாள் விடிகாலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களின் பெயர்களைக் கூப்பிட நின்ற துரைசிங்கத்தைப் பார்த்துப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போலப் பெயர்களை இழுத்து இழுத்துப் படித்தார். கோபமே வராத மனுஷர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேசையில் மை கொட்டிவிட்டால் தாம்தூம் என்று குதிப்பார். புகையிலையை யாராவது கேட்டால் முகம் சுருங்கிவிடும். ஆனால் இந்தப் பெயர் மட்டும் அவரைத் தொடவேயில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று இருந்துவிட்டார்.

மேட்டுத்தோட்டம் மலாயாவில், அசாம் ஜாவாவுக்கு அப்பால், ஆற்றை ஒட்டி இருந்தது. ரப்பர் விலை விழுந்து பாதிப் பேரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, விலை ஏறியதும் மறுபடி ஆளைக் கொண்டுவந்து இறக்கிய வருஷங்கள் அவை. மேட்டு லயம், பள்ளத்து லயம் என்று தோட்டத்தில் இரண்டு வரிசை வீடுகள். யார் எதில் இருப்பது என்பதை ஊரிலேயே சாதி தீர்மானித்து அனுப்பியிருந்தது. கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. டிக்கெட்டு வாங்காமலே அதுவும் கப்பலில் வந்து இறங்கி, வந்த கையோடு லயத்தில் இடம் பிடித்துக்கொண்டது. இரண்டு லயத்துக்கும் மேலே, துரை பங்களாவுக்குக் கீழே, கிராணிமார் வீடுகள். ஆபீஸில் கணக்கெழுத யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். தங்கள் லயம் ஒன்று தனியாக இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியதேயில்லை.

துரைசிங்கம் கெட்டுப்போனது (அல்லது உருப்பட்டது, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்) கோலாலம்பூரில். இந்தியாவிலிருந்து வந்த சாமியார் ஒருவர் பேசுகிறார் என்று சுற்றுவட்டாரத்துக் கிராணிமார் எல்லாம் ரயிலேறிப் போனார்கள். பெரிய கிராணி அம்பிகைபாகன் சரிகை உத்தரீயத்தோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். சாமியார் கத்திப் பேசவில்லை. “இத்தனை உடம்புக்குள்ளும் இருப்பது ஒரே உயிர் என்றால், நீங்கள் யாரைக் கண்டு ஒதுங்குகிறீர்கள்? உங்களைக் கண்டு நீங்களே ஒதுங்குகிறீர்கள்” என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். தேசங்கள் எல்லாம் ஒருநாள் ஒரு குடும்பமாகும் என்றார். அது மேலேயிருந்து சட்டமாக வராது, மனுஷனுக்குள்ளிருந்து முளைத்து வரவேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு வடை கொடுத்தார்கள். தலையாட்டியவர்கள் அதையும் தின்றுவிட்டு ரயிலேறி வந்து, அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். துரைசிங்கத்துக்கு மட்டும் அந்தக் கேள்வி சட்டைக்குள் புகுந்த எறும்பாகிவிட்டது. ‘யாரைக் கண்டு ஒதுங்குகிறாய்?’

கொஞ்ச நாளில் சன்னாசி செத்துப்போனான்.

தோட்டத்தில் ஒரு வழக்கம். பிணத்தை அவரவர் ஆட்கள்தான் தூக்குவார்கள். தோள் கொடுத்தால் உறவு என்று ஆகிவிடும். சன்னாசி தனியாக வந்தவன். எந்த ஊர், எந்த சாதி என்று கேட்டால், “பேரு சன்னாசி. மத்ததெல்லாம் கடல்ல வுழுந்துருச்சு” என்று சிரிப்பான். இருக்கும்வரை அது வேடிக்கை. காய்ச்சல் கண்டு அவன் கண்ணை மூடியதும் வினையாகிவிட்டது. பள்ளத்து ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று மேட்டு லயம் நகர்ந்துகொண்டது. மேட்டு ஆளாக இருந்து, நாளைக்கு எவனாவது ‘எப்படித் தொட்டீங்க’ என்று வந்து நின்றால் என்ன செய்வது என்று பள்ளத்து லயமும் தயங்கியது. ரப்பர் கழிவு ஏற்றுகிற மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுபோய்விடலாம் என்று மேட்டு லயத்து நல்லசாமி யோசனை சொன்னார்.

ஆபீஸ் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த துரைசிங்கம் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். இறங்கி வந்தார். கட்டி வைத்திருந்த பாடையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பள்ளத்து லயத்து வீரன், பால்வெட்டுக்காரன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுமுனைக்கு வந்தான். ஆஸ்பத்திரியில் வேலை செய்த உடையப்பனும் இன்னொருவனும் பின்னால் பிடித்தார்கள். துரைசிங்கம் நெட்டை, வீரன் குட்டை. பாதி வழியில் வீரன் முனகினான்.

“அய்யா, கொஞ்சம் குனிஞ்சு வாங்க. சன்னாசி முழுக்க என் பக்கமே சாயுறான்.”

துரைசிங்கம் முழங்காலை மடக்கி மடக்கி நடந்தார். பிணத்தைச் சுமந்துகொண்டு தவளை மாதிரிப் போகிற கிராணியாரை அன்றைக்குத் தோட்டமே பார்த்தது. நல்லசாமிக்குப் பட்டப்பெயர் தோன்றியதும் அப்போதுதான்.

அதன்பிறகு அது தொடர்ந்தது. நாதியற்று யார் செத்தாலும், ஆள் போதாமல் எந்த லயத்தில் தவித்தாலும் துரைசிங்கம் போனார். ஒதுங்கக்கூடாது என்று ஒருவர் தீர்மானித்துவிட்டால் அதைக் காட்ட எத்தனையோ இடம் இருக்கிறது. மேடை இருக்கிறது, பேப்பர் இருக்கிறது. இந்த மனுஷர், எல்லோரும் கடைசியாக ஒதுங்குகிற இடத்தைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு அவரிடம் முதலில் பிடித்தது அதுதான். அவர் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. செய்திருந்தாலும் அவருடைய மூக்குக் குரலில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

வீட்டில்தான் தொல்லை. வீட்டில் சின்னாச்சி அக்கா இருந்தாள்.

தாய் பிரசவத்தில் போய்விட, துரைசிங்கத்தைத் தூக்கி வளர்த்தவள் அவள். இளம் வயதிலேயே தாலியறுத்தவள். தம்பிக்கு மலாயாவில் வேலை கிடைத்ததும், அவன் கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வான் என்று மிளகாய்த்தூள் டின்னோடு கப்பலேறி வந்தவள். ஆசாரக்காரி. லயத்து ஆட்கள் கூட்டிய முற்றத்தை மறுபடி ஒருமுறை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தானே கூட்டுவாள். முதல்தடவை துரைசிங்கம் சுடுகாட்டிலிருந்து வந்தபோது வேலிப் படலையிலேயே நிறுத்திவிட்டாள்.

“எங்க போட்டு வாறாய்?”

“சன்னாசி செத்துப்போனான், அக்கா. தூக்க ஆளில்லை.”

“உனக்கு அவன் மாமனோ, மச்சானோ?”

“எல்லாரும் ஒண்டுதானே, அக்கா.”

சின்னாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “எல்லாம் ஒண்டெண்டால், கடவுள் என்னத்துக்கு இத்தனை விதமாய்ப் படைச்சவர்? வேலையில்லாமலோ? போ, பின்னால போய்க் குளி. உடுப்பைக் கொடியில போடாதை.”

அவர் குளித்துவிட்டு வந்தபோது உலர்ந்த வேட்டி ஒன்று கதவருகே மடித்து வைத்திருந்தது. அன்று ராத்திரி வழக்கம்போலச் சோறு போட்டாள். அவளுடைய கேள்விக்குத் துரைசிங்கத்துக்குப் பதில் தெரியவில்லை. சாமியாரிடம் கேட்கலாமென்றால், சாமியார் வடை தீர்வதற்குள் கப்பலேறிவிட்டார்.

இந்த ஆசாரக்காரிக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். வீரன் பெண்சாதி வேலம்மா. முற்றம் கூட்டவும் விறகு கொண்டுவந்து போடவும் வருவாள். வேலம்மா முற்றத்தில் குந்தியிருப்பாள், சின்னாச்சி குசினிச் சன்னலுக்குள் நிற்பாள். பேச்சு ஒரு பொழுதுக்குப் போகும். உள்ளே வா என்று இவள் சொன்னதில்லை, வரட்டுமா என்று அவள் கேட்டதில்லை. வேலம்மாவின் மகன் காய்ச்சலில் படுத்தபோது, அந்தச் சன்னல் வழியாக மூன்று வேளையும் கஞ்சி போனது. கிண்ணம் திரும்பி வந்ததும் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தனியாகக் கவிழ்த்து வைப்பாள். அவளால் இரண்டையும் ஒரே கையால் செய்ய முடிந்தது.

தம்பியுடைய காரியத்துக்கு விலை கொடுத்தது அவள்தான். துரைசிங்கத்துக்குக் கல்யாண வீடுகளின் அழைப்பு நின்றுபோனது. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை, சாவு வீடுகளே போதும் என்று இருந்தார். ஆனால் சின்னாச்சிக்கு அந்தக் காட்டில் இருந்த ஒரே வெளிச்சம், கோலசிலாங்கூரில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஒன்றுகூடுகிற நவராத்திரிதான். அந்த வருஷம் அவள் கூடை நிறைய அரியதரப் பலகாரம் சுட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் அதே கூடையோடு இறங்கி வந்தாள்.

“ஒருத்தரும் தொடேல்லை” என்றாள்.

கொல்லைப்புறம் போய் ஒவ்வொன்றாக உடைத்துக் கோழிகளுக்குப் போட்டாள். துரைசிங்கம் உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கோழிகள் மட்டும் சந்தோஷமாகக் கத்தின.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் அவளைப் பிடித்தது. கொயினா மருந்து கொடுத்தார்கள். விட்டது, மறுபடி வந்தது. கடைசியில் மூத்திரம் கறுத்துப் போனபோது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வேலம்மா தினமும் வந்து சன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வாள். உள்ளே கட்டிலில் படுத்தபடியே சின்னாச்சி பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவளோடு பேசுவாள். ஒருநாள் காலை தம்பியைக் கூப்பிட்டாள்.

“துரைசிங்கம், உன்னட்ட நான் ஒண்டும் கேட்டதில்லை.”

“இல்லை, அக்கா.”

“என்ர காரியத்துக்கு எங்கட ஆக்கள் நாலு பேர் வந்து தூக்கவேணும். எனக்கு ஒருத்தரும் தொடாமல் போன கூடையாய்ப் போக ஏலாது. செய்வியோ?”

“ஓம், அக்கா” என்றார். அவள் நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதற்கும் கலங்கவில்லை. இரண்டொரு நாளில், பால்வெட்டுக்குப் போனவர்கள் திரும்பாத முன்காலைப் பொழுதில் போய்ச் சேர்ந்தாள்.

அம்பிகைபாகன் உடனே வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போனால் கதை சுலபமாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. துரைசிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கோலசிலாங்கூருக்கும் சுங்கை சோவுக்கும் ஆள் அனுப்பி, மத்தியானத்துக்குள் யாழ்ப்பாணத்தவர்களைத் தன் வீட்டில் கூட்டிவிட்டார். பிறகு மறுபடி வந்து படியில் நின்றார்.

“தம்பி, என்னைப் பிழையாய் விளங்கிக்கொள்ளாதையும். ஆக்கள் வந்திட்டினம். தூக்க ஆயத்தமாய்த்தான் இருக்கினம். ஆனால் நீர் ஒரு வார்த்தை சொல்லவேணும். இனிமேல் கண்டவையின்ர பாடைக்குத் தோள் குடுக்கிறதில்லை எண்டு, எல்லாருக்கும் முன்னால.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி அவையள் வரமாட்டினம். எனக்கும் கட்டிக்குடுக்க ரெண்டு குமர் இருக்கு. நானும் வர ஏலாது.” இதைச் சொல்லும்போது அவர் துரைசிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. “யோசியும். நான் வீட்டில நிக்கிறன்” என்று போய்விட்டார்.

துரைசிங்கம் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ‘ஓம்’ என்று சொன்ன வாய் அவருடையது. ஆனால் இந்த வார்த்தையைச் சொன்னால் சன்னாசியிலிருந்து இன்றுவரை சுமந்த எல்லோரையும் வழியில் இறக்கிவைத்துவிட்டு ஓடுவதாகும். உயிர் ஒன்று என்பது உண்மையானால் அக்காவின் ஆசை பிழை. பிழையான ஆசைக்காக உண்மையை விடலாமா? இப்படித்தான் யோசித்தார். யோசித்து முடித்து எழுந்தார். அவர் முகம் இறுகிப்போயிருந்தது.

முற்றத்து வேலிக்கு அப்பால் தோட்டமே கூடியிருந்தது. மேட்டு லயத்தார் ஒரு புறம், பள்ளத்து லயத்தார் ஒரு புறம். நல்லசாமி குடையை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றார். துரைசிங்கம் படியிறங்கி நேரே வீரனிடம் போனார்.

“வீரன், உடையப்பனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அக்காவை நாங்களே கொண்டுபோவம்.”

வீரன் அசையவில்லை. பாடை என்றால் கூப்பிடாமலே ஓடிவருகிறவன், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். துரைசிங்கத்துக்குச் சுரீர் என்றது. இவர்களுமா?

“ஏன், வீரன்? நான் உங்களுக்கு வரேல்லையோ?”

“வந்தீங்க சாமி. உசிரு உள்ளவரைக்கும் மறக்கமாட்டோம்.” அவன் திரும்பிப் பெண்சாதியைப் பார்த்தான்.

வேலம்மா அழுது வீங்கிய முகத்தோடு முன்னால் வந்தாள். “அய்யா, அம்மா எங்கிட்டச் சொன்னாங்க. ‘வேலம்மா, என்னை எங்க ஆளுங்கதான் தூக்கணும், நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே’ன்னு சொன்னாங்க. எம்பிள்ளைக்குக் கஞ்சி ஊத்தின கையிய்யா அது. கேட்டது ஒண்ணே ஒண்ணு. அது எங்களுக்குப் புடிக்குதோ புடிக்கலையோ, நாங்க எப்புடிய்யா மீறுவோம்?”

“அது பிழையான ஆசை, வேலம்மா.”

“இருக்கட்டுமே. அவங்க ஆசைதானே?”

பெரிய கிராணி வைத்த நிபந்தனையைத் துரைசிங்கம் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் படியில் நின்று பேசியது தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. வீரன் மெதுவாகச் சொன்னான்.

“போயி அந்த வார்த்தையைச் சொல்லிட்டு வாங்க, அய்யா. எங்களுக்கு மனசுல ஒரு வருத்தமும் இல்ல. எங்க பொணத்த நாங்க எப்படியாச்சும் தூக்கிக்குவோம். அம்மா அவங்க கேட்ட மாதிரிப் போகட்டும்.”

அந்த இடத்தில் துரைசிங்கம் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை காலம் கொடுப்பவர் அவர், வாங்குபவர்கள் இவர்கள் என்றே இருந்தது. அதில் அவருக்கே தெரியாமல் ஒரு பெருமையும் இருந்தது. இன்றைக்கு இவர்கள் கொடுக்கிறார்கள். தங்களைத் தொடாதே என்று சொன்னவளுக்காகத் தங்கள் தோளையே விட்டுக்கொடுக்கிறார்கள். அவர் சன்னாசியை அந்த ஒரே உயிரில் சேர்த்தார், வீரனைச் சேர்த்தார், பெயர் தெரியாதவர்களை எல்லாம் சேர்த்தார். கூடவே இருந்து சோறு போட்ட அக்காவை மட்டும் வெளியே நிறுத்திவைத்திருந்தார், அவள் வேறுமாதிரி நினைக்கிறாள் என்பதற்காக. இந்த வேலம்மா அவளை உள்ளே சேர்த்துவிட்டாள். இத்தனை விதமாய் ஏன் படைத்தார் என்று அக்கா கேட்டதற்குப் பதில் அவருக்கு அன்றைக்கும் தெரியவில்லைதான். ஆனால் அத்தனை விதத்தையும் ஒன்றாகக் கட்டிப்போடுவது எது என்று பார்த்துவிட்டார். அவர் வாய்விட்டு அழுதார். நல்லசாமி குடையை மடக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

பிறகு எழுந்து அம்பிகைபாகன் வீட்டுக்குப் போனார். அங்கே கூடியிருந்தவர்கள் முன்னால் நின்று, எங்கட ஆக்களைத் தவிர வேறு யாருடைய பாடைக்கும் இனித் தோள் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். மூக்கால் இழுக்காமல், தெளிவாகச் சொன்னார்.

“நல்லது தம்பி. புத்தி வந்தால் சரி” என்றார் ஒருவர்.

“இது என்ர புத்தியில்லை, அண்ணை. என்னைப் போய்ச் சொல்லச் சொல்லி அவையள்தான் அனுப்பினவை” என்றார் துரைசிங்கம்.

அம்பிகைபாகன் உத்தரீயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக எழுந்தார். சின்னாச்சி கேட்டபடியே போனாள். நாலு பேரும் அவளுடைய ஆட்கள். வழியிலிருந்த லாலான் புல்லைப் பள்ளத்து லயம் வெட்டி ஒதுக்கியிருந்தது. விறகு முழுவதும் அவர்கள் வெட்டிச் சுமந்து கொண்டுபோய் அடுக்கியது. பாடை கடக்கும்போது எல்லோரும் ஓரமாக விலகிக் கைகூப்பி நின்றார்கள். வேலம்மா மார்பில் அறைந்துகொண்டு அழுத சத்தம் சுடுகாடு வரைக்கும் கேட்டது.

துரைசிங்கம் தோற்றுப்போனார் என்று சொன்னவர்கள் உண்டு. கடைசியில் இரத்தம்தான் பேசியது, தத்துவம் பேசவில்லை என்றார்கள். சொல்லட்டும். சொன்னவர்களில் யாரும் ஒரு நாதியற்ற பிணத்துக்குத் துண்டை உதறித் தோளில் போட்டவர்கள் இல்லை. அவர் அக்காவுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார், அம்பிகைபாகனுக்குக் கொடுத்ததையும் காப்பாற்றினார். இரண்டாவதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். லயத்தில் சாவு என்றால் போவார், ஒரு ஓரமாக நிற்பார், பாடை எழும்பும்போது அவர் கை தானாக முன்னால் வரும், இழுத்துக்கொள்வார். கல்யாண அழைப்புகள் மறுபடி வரத் தொடங்கின. போனார், சாப்பிட்டார், வந்தார். சாப்பாடு இறங்கியதாகத் தெரியவில்லை, ஆள் மெலிந்துபோனார்.

பிறகு கங்கா செத்துப்போனாள். பாதித் தமிழும் பாதித் தெலுங்கும் பேசிக்கொண்டு தன்னந்தனியாகக் கப்பலில் வந்த பெண். புருஷன் உண்டா, பிள்ளை உண்டா, என்ன ஆட்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. களை பிடுங்குவாள், சிரிப்பாள், தனியாகச் சமைத்துச் சாப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பால்வெட்டு முடிந்து எல்லோரும் வந்த நேரத்தில், மரத்தடியில் பாடையைக் கட்டி வைத்திருந்தார்கள். வீரன் வந்தான், உடையப்பன் வந்தான், ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆளும் வந்தான். மூன்று முனைக்கு ஆள் ஆயிற்று. நாலாவது முனை காலியாக இருந்தது.

துரைசிங்கம் ஆபீஸ் படியில் நின்றார். கூட்டத்தில் ஒருவர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் சங்கடப்படக்கூடாது என்று எல்லோரும் வேண்டுமென்றே மரத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். அவருக்கு அது இன்னும் பொறுக்க முடியவில்லை. கோட்டுப் பித்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார். வார்த்தையை மீறினால் அக்கா போன வழியே பொய்யாகிவிடும். மீறாவிட்டால் அங்கே ஒரு பெண் வெயிலில் கிடக்கிறாள்.

“என்னடா, பொணத்த வெச்சுக்கிட்டுப் பொம்மையாட்டம் நிக்கிறீங்க?” என்று கத்திக்கொண்டு வந்தார் மண்டோர் நல்லசாமி. அவருக்குக் கத்தாமல் பேசத் தெரியாது. வந்தவர் காலியாக இருந்த முனையைப் பார்த்தார். படியில் நின்ற துரைசிங்கத்தைப் பார்த்தார். சின்னாச்சி செத்த அன்று வேலியோரத்தில் வீரன் சொன்னதை அவரும்தான் கேட்டிருந்தார். அதைப்பற்றி இதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, கள்ளுக்கடையில்கூட. குடையைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். தலைப்பாகையை அவிழ்த்து நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மேட்டு லயத்திலிருந்து ஒரு பெரிசு, “ஏ நல்லசாமி, என்ன காரியம் பண்றே?” என்று குரல் கொடுத்தது.

“என்ன பண்றேன்? கிராணியாரு வாக்குக் குடுத்துட்டாரு, அதனால நிக்கிறாரு. நான் எவனுக்கும் வாக்குக் குடுக்கல.” அவர் குனிந்து மூங்கிலைப் பிடித்தார். “தூக்குங்கடா, வெயில் ஏறுது.”

பாடை எழுந்தது. மேட்டு லயத்துக் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. துரைசிங்கம் படியிறங்கிப் பின்னால் நடந்தார். கண்ணாடி பனித்துவிட்டது, கழற்றித் துடைக்கவும் தோன்றவில்லை. சுடுகாட்டுக்கு முன்னால் கால்வாய்க்குக் குறுக்கே இரண்டு குறுகிய பலகைகள் போட்டிருக்கும். அங்கே வந்ததும் பாடை நின்றது. நல்லசாமி பலகையையும் கீழே கறுப்பாக ஓடிய தண்ணீரையும் பார்த்தார். நெற்றியில் வேர்வை கொட்டியது. அவர் கத்தவில்லை.

“கிராணியாரே, கால எங்க வெக்கிறது? எனக்குப் பழக்கமில்ல.”

துரைசிங்கம் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். பாடைக்கு முன்னே பலகையில் ஏறி, நல்லசாமியைப் பார்த்துத் திரும்பிப் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

“இடக்காலை முன்னுக்கு வையுங்கோ. ஓம், அப்பிடித்தான். என்னைப் பாருங்கோ, தண்ணியைப் பாராதையுங்கோ. மெல்ல வாங்கோ” என்றார்.